மேடை ஆத்தாவைப் பார்த்திருக்கும்

கிராமத்துக் கோயில் விழாவில் கச்சேரி மேடை ஆத்தாவைப் பார்த்துத்தான் போடுவார்கள். நடுவில் சனம் உட்கார்ந்திருக்கும். அவர்கள் முதுகுக்குப் பின்னால், திறந்து வைத்த கருவறைக்குள் அவள். அலங்காநல்லூர்ப் பக்கமானாலும் சரி, திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டு ஊரானாலும் சரி, மேடை கொஞ்சம் கோணியிருந்தால் விழாக் கமிட்டியில் யாராவது ஒரு பெரியவர் வந்து திருத்தச் சொல்லிவிடுவார். ஊர் வரி போட்டு, ஆத்தாவுக்காக வைக்கிற கச்சேரி அது. முதல் ரசிகை அவள். மற்றவர்கள் அவள் தயவில் கேட்கிறவர்கள்.

ஆனால் அவள் முன்னால் நாங்கள் என்னவெல்லாம் பாடுகிறோம்! முதலில் பிள்ளையார், அடுத்து அம்மன் பாட்டு இரண்டு. சாப்பிட்டுவிட்டுப் பெண்கள் வந்து உட்காரும் நேரத்தில் எம்.ஜி.ஆர்., சிவாஜி. பிறகு இளவட்டங்கள் சீட்டு எழுதிக் கொடுப்பது. இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, ஆபாசம் கூடாது என்று நிபந்தனை போட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆடல் பாடலுக்கு அனுமதி கொடுத்த உத்தரவுகளின் நகலை இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டுத்தான் பல ஊர்களில் மைக்கைத் தொட முடியும். நீதிபதிகளுக்காவது எது கூடாது என்று தெரிந்திருக்கிறது. ஒரே மேடையில், ஒரே தொண்டையில், எந்த இடத்தில் சாமி பாட்டு முடிந்து மற்ற பாட்டு ஆரம்பிக்கிறது என்பது இத்தனை வருஷம் பாடியும் எனக்குப் பிடிபடவில்லை.

எழுபதுகளின் கடைசியிலிருந்து மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பெண் குரல். 'ஈஸ்வரி பாட்டுக்கு ஆள் வேணும்' என்றுதான் என்னை எடுத்தார்கள். எங்களுக்குச் சொந்தப் பாட்டு என்று ஒன்று கிடையாது. எல்லாம் யாரோ எழுதி, யாரோ மெட்டுப் போட்டு, யாரோ பாடியது. குழுவில் இன்று மிஞ்சியிருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முழங்கால் வலி. கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரயில்வே காலனியில் வளர்ந்தவர். பள்ளிக்கூட வயதில் அக்கார்டியன் பழகி, எங்கள் குழுவுக்கு வந்த பிறகு கீபோர்டுக்கு மாறினார்.

விடியற்காலையில் பூக்குழி இறங்குகிற ஊர்களில், முந்தின ராத்திரி முழுக்கக் கட்டைகள் எரிந்துகொண்டிருக்கும். காற்று திரும்பினால் மேடைக்கே அனல் அடிக்கும். அண்ணனுக்கு அந்த நேரம் குஷி பிறந்துவிடும். கீபோர்டில் பியானோ சத்தத்தை வைத்துக்கொண்டு, ஜெர்ரி லீ லூயிஸ் என்ற அமெரிக்கர் பாடிய 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' பாட்டை எடுத்துவிடுவார். ட்ரம்ஸும் பேஸ் கிடாரும் ஓடி வந்து சேர்ந்துகொள்ளும். ஒருமுறை கமிட்டிப் பொருளாளர் மேடை ஓரமாக வந்து, "இது என்ன பாட்டுண்ணே?" என்று கேட்டார். "நெருப்பு உருண்டையைப் பத்தின பாட்டு" என்றார் அண்ணன். "நெருப்பைப் பத்தின்னாச் சரி" என்று அவர் போய்விட்டார். அது காதல் வெறியில் துள்ளுகிற பாட்டு என்று சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

வெள்ளைக்கார ஏழைகளின் மலைநாட்டுப் பாட்டும் கறுப்பர்களின் ப்ளூஸும் மோதி, ஐம்பதுகளின் நடுவில் அமெரிக்காவின் தெற்கே மெம்ஃபிஸ் வட்டாரத்தில் பிறந்த வேகத்துக்கு ராக்கபிலி என்று பேர். அதைப் பாடிய பையன்கள் பலரும் ஜெபக்கூட்டத்துக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். ஜெர்ரி லீயும் அப்படித்தான். டெக்சாஸில் ஒரு வேதாகமக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு பக்திப் பாடலைத் துள்ளல் தாளத்தில் வாசித்தார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். 1957 அக்டோபரில் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் இந்த நெருப்புப் பாட்டைப் பதிவுசெய்ய உட்கார்ந்தபோது அவருக்கும் ஸ்டுடியோ முதலாளி சாம் ஃபிலிப்ஸுக்கும் சண்டை வந்துவிட்டது. காசைப் பற்றிய சண்டை இல்லை. இந்தச் சங்கீதம் பாவமா, இல்லையா என்று. இந்தப் பாட்டாலும் மனுஷருக்கு நல்லது செய்யலாம், ஆத்துமாவை மீட்கலாம் என்பது ஃபிலிப்ஸின் கட்சி. சாத்தான் எப்படி ஆத்துமாவை மீட்பான், எனக்குள் இருப்பது சாத்தான் அல்லவா என்று ஜெர்ரி லீ கத்துகிறார். டேப் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த வாக்குவாதம் அப்படியே பதிவாகி நிற்கிறது. பேசி முடித்துவிட்டு அதே பாட்டைத்தான் பாடினார். அதுதான் உலகமெல்லாம் போனது.

அண்ணன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இந்தச் சண்டை ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எல்.ஆர். ஈஸ்வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் லூர்துமேரி என்று பேர் வைத்து வளர்த்த பெண். 1961இல் 'பாசமலர்' படத்துத் தோழிப் பாட்டைப் பாடி, தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தார். அதே குரல்தான் 'சிவந்த மண்'ணில் சாட்டையடிக்கு நடுவே கேட்டது. எத்தனையோ படங்களின் கிளப் நடனங்களுக்குக் கிறக்கம் ஏற்றியது. அதே குரல்தான் ஆடி மாதம் பிறந்துவிட்டால் தெப்பக்குளத்திலிருந்து செல்லூர் வரை குழாய் ஸ்பீக்கர்களில் மாரியம்மனைக் கூப்பிடுகிறது. எழுபது வயதுக்கு மேல் 2011இல் 'ஒஸ்தி' படத்துக்குக் குத்துப் பாட்டும் பாடினார். மறு வருஷ ஆடியில் அவரது அம்மன் பாட்டை எந்த ஊராவது நிறுத்தியதா? இந்தத் தொண்டை சுத்தமா, தீட்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிக் கோயில்களில் ஆடி மாதமே ஊமையாகப் போயிருக்கும். அய்யப்பனை உறங்க வைக்கும் பாட்டும் கத்தோலிக்கராகப் பிறந்த யேசுதாஸ் குரலில்தான், நடை திறந்திருக்கும் நாட்களில் சபரிமலையில் ஒலிக்கிறது.

நானும் கத்தோலிக்கப் பிள்ளைதான். கீழவெளி வீதி வியாகுல அன்னை பேராலயத்தின் பாடகர் குழுவில் வாயைத் திறந்தவள். மாரியம்மனை நான் கும்பிட்டதில்லை, மறுத்ததும் இல்லை. அவள் என் வீட்டுச் சாமி இல்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் அவள் எதிரில் நின்று "நான் உன் பிள்ளை, என்னைக் காப்பாற்று" என்ற பொருளில் உருகிப் பாடினால் அது பொய்யா?

இது வெறும் யோசனையாக இருந்தவரை என்னை அரிக்கவில்லை. சோழவந்தானைத் தாண்டி, வைகை வாய்க்கால் பாயும் ஒரு ஊரில் அரிக்க ஆரம்பித்தது. அம்மன் பாட்டின் இரண்டாவது சரணத்தில் இருக்கிறேன். கடைசி பஸ் போயிருக்குமா, கமிட்டி மிச்சப் பணத்தை இன்றே கொடுப்பார்களா என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவில் என் வயசுப் பெண் ஒருத்தி எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது. சுற்றியிருந்தவர்கள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணியைத் தலையில் ஊற்றிக் கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள். அருள் வந்து ஆடி முடித்ததும் மேடைப் படியேறி நேராக என்னிடம் வந்தாள். "நல்லாக் கூப்பிட்டத்தா" என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கண் என்னைப் பார்க்கவில்லை.

நான் எங்கே கூப்பிட்டேன்? பஸ்ஸை அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

எனக்குத் தெரிந்த ஒரு வயதான சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தின வழக்கு ஒன்றைச் சொன்னார். ரோம் பேரரசு கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில், பயந்துபோய் வேத புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்கள் வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் கையால் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது என்றது தொனாத்து என்பவரின் கட்சி. செல்லும் என்று வாதாடியவர் அகுஸ்தீனார். கல் வாய்க்காலில் ஓடும் தண்ணீரால் கல்லில் ஒன்றும் முளைக்காது. ஆனாலும் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் சொன்ன நியாயம். கொடுப்பது கடவுள், குரு வெறும் வழி. 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம் இதையே சட்டமாக எழுதி வைத்தது. "ஆனா அது திருவருட்சாதனத்துக்குத்தான்மா, உங்க கச்சேரிக்கு இல்ல" என்று சாமியார் முன்ஜாக்கிரதையாகச் சொல்லி முடித்தார். அவர் கோடு போட்ட இடத்தில் நிற்க எனக்கு இஷ்டமில்லை. வாய்க்காலுக்கு எந்த மதம்?

மதுரைக்கு இது புதிதும் இல்லை. கூன் பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்க்க ஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடியது இந்த ஊரில்தான். அவருக்குப் பின் பதின்மூன்று நூற்றாண்டுகளாக அதை மற்றவர்கள் பாடுகிறார்கள். சம்பந்தர் தம் பதிகங்களின் கடைசிப் பாட்டில் பெரும்பாலும் தம் பேரைச் சொல்லி முத்திரை வைப்பார். கூடவே, இந்தப் பாட்டுகளைத் தேர்ச்சியாகப் பாட வல்லவர்களுக்கு இன்ன பலன் என்று வாக்கும் கொடுத்துவிடுவார். தன் பாட்டைப் பிறர் பாடத்தான் போகிறார்கள் என்று தெரிந்தே எழுதினவர். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கு ஒருவர், மத்தளத்துக்கு ஒருவர் என இரண்டு பேரையும் அமர்த்தி, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளக்கச் சொல்லிக் கல்வெட்டில் வெட்டி வைத்தான். எங்கள் சம்பளப் பட்டியலைவிட ஒழுங்கான பட்டியல் அது.

ஆனால் அதில் ஒரு முள்ளும் இருக்கிறது. அந்த 48 பேருக்கும் சதாசிவன், ஞானசிவன் என்பதுபோலச் சிவன் என்று முடிகிற தீட்சைப் பெயர்கள். கூலி வாங்கினாலும், யாரைப் பாடினார்களோ அவனுக்கு உரியவர்கள் அவர்கள். நான் மாரியம்மனுக்கு உரியவள் இல்லையே. ஓதுவாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நான் தப்பித்துவிட முடியாது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற பாதிரியார் காவி கட்டி, பூணூல் போட்டு, சைவம் சாப்பிட்டு இயேசுவைச் சொன்னார். உருவத்தை மாற்றிக்கொள், உள்ளே நம்பிக்கையை மாற்றாதே என்பது அவர் வழி. உடன் இருந்த பாதிரிகளே அவர்மேல் புகார் எழுதினார்கள்; வழக்கு ரோம் வரை போய் 1623இல் போப்பாண்டவர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் உள்ளே ஒன்றைக் கெட்டியாக வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்றைப் போட்டுக்கொள்வது பாடுகிறவருக்கு நடக்காது. பாட்டு வெளியே நிற்காது. மூச்சு உள்ளேயிருந்துதான் வர வேண்டும்.

அண்ணனுக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சு. "சுதி சேர்ந்துச்சா, தாளம் நின்னுச்சா, காசு வந்துச்சா, வீட்டுக்குப் போ" என்பார். அவர் சொல்வதில் முக்கால்வாசி நிஜம். மீதிக் காலில்தான் எனக்குத் தகராறு. இப்போது பல ஊர்களில் குழு வேண்டாம், ட்ராக் போதும் என்கிறார்கள். வாத்தியம் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வரும். நான் மட்டும் மைக்கைப் பிடித்துப் பாடுவேன். சுதி பிசகாது, தாளம் பிசகாது. அந்த இரவுகளில் என் பாட்டுக்கு யாருக்கும் அருள் வந்து நான் பார்த்ததில்லை. சோழவந்தான் பக்கத்து ஊரில் மனசு பஸ்ஸில் இருந்தாலும், காது தபேலாவில் இருந்தது. அடுத்த வரிக்கு முன் கீபோர்டு ஒரு நொடி தயங்கியதும் தெரிந்தது. சரணத்துக்குள் நுழைய அண்ணன் தலையசைப்பதை ஓரக்கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வாய்க்காலில் முளைக்காவிட்டால் பரவாயில்லை. மண் மேடிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது என்று சோழவந்தான் விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். அகுஸ்தீனார் சொல்லாமல் விட்ட பாதி அது.

அதனால், பாடுகிறவளிடம் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பதைவிட, பாட்டின் பக்கம் இருக்கிறாளா என்று கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன். "நான்" என்று பாட்டு சொல்லும்போது அது எழுதினவரும் இல்லை, ஈஸ்வரியம்மாவும் இல்லை, நானும் இல்லை. எதிரில் உட்கார்ந்து, அதைத் தன் வாயால் சொல்லத் தெரியாமல் இருக்கிற யாரோ ஒருத்தி. அவளுக்கு நம்பிக்கை உண்டு, எனக்குத் தொண்டை உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது?

வயதானபின் இது இன்னும் விளங்குகிறது. அந்தக் காலத்து உச்சம் இப்போது எட்டாது. ஒரு கட்டை இறக்கித்தான் பாடுகிறேன். அப்படியும் சில இடங்களில் குரல் நூலாகிவிடும். அங்கே முன்வரிசைப் பெண்கள் தாங்களாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டுவதுகூட இல்லை. கிளப் பாட்டானாலும் அம்மன் பாட்டானாலும் அவர்களுக்கு ஒரே மாதிரிதான் வருகிறது. எதற்கும் முகம் சுளிப்பதில்லை. எதிரில் இருக்கிறவளும் சுளித்ததாகத் தெரியவில்லை.

திருநீற்றை நான் துடைப்பதில்லை. சாம்பல் புதனன்று எங்கள் கோயிலிலும் நெற்றியில் சாம்பல்தான் பூசுகிறார்கள்.

ஜெர்ரி லீயிடம் மட்டும் எனக்கு ஒரு பொறாமை உண்டு. 2022இல், எண்பத்தேழு வயதில் சாகும் வரைக்கும், இந்தப் பாட்டுகள் தன்னை நரகத்தில் தள்ளுமோ என்ற பயம் அவரை விட்டதாகத் தெரியவில்லை. இருந்தும் மேடை ஏறிக்கொண்டே இருந்தார். ஒரு பாட்டுக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அவர் நம்பினார். எங்களுக்கு அது வேலை. சாமி கோபிக்க மாட்டாள் என்ற தைரியம். அந்தப் பயத்தில் கொஞ்சம் எனக்கும் இருந்திருந்தால் அன்றைக்கு பஸ்ஸை நினைத்திருக்க மாட்டேன்.