கேட்டல் என்னும் கைங்கர்யம்

ஸ்ரீ:

ப்ரஹ்லாதாழ்வான் பக்தியை ஒன்பது வகையாக எடுத்துரைக்குமிடத்து முதலில் நிற்பது ச்ரவணம். ஏழே நாட்கள் ஆயுள் எஞ்சிய பரீக்ஷித்து மஹாராஜன் கைக்கொண்டதும் அதுவே. திருக்கதையை நேரில் ஒருவர் சொல்லவே கேட்க வேண்டுமோ, கருவி வழியே கேட்டாலும் பலனுண்டோ என்னும் வினா இக்காலத்தில் எழுகின்றது. இதனை ஆராய மணிப்பூர் தேசம் தக்க உதாரணமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு வைஷ்ணவம் அரச சமயமாயிற்று. பாக்யசந்த்ர மஹாராஜாவே ராஸலீலையை ஏற்படுத்தியவர். திருக்கதை கூறுவதில் அங்கு இரு முறைகள் உண்டு. ஒருவர் மூலநூலை வாசிக்க, மற்றொருவர் மணிப்புரி மொழியில் விரித்துரைப்பது 'லைரிக் ஹைபா திபா'. ஒருவரே அமர்ந்து, வாத்தியமின்றிக் குரலொன்றையே துணையாகக் கொண்டு பாரத, ராமாயண, பாகவதக் கதைகளைச் சொல்வது 'வாரி லீபா'. இவையன்றி, மிருதங்கம் முழங்க ஆடியும் பாடியும் கண்ணன் சரிதத்தைக் கூறும் ஸங்கீர்த்தனமும் உண்டு. 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. சுற்றி அமர்ந்த அடியார்கள் கண்ணீர் மல்கி, பாடுவோரை நடுவிலேயே தண்டனிட்டு வணங்குவதுண்டு. ஆகவே கேட்பவனும் அந்தக் கைங்கர்யத்தில் பங்குடையவன்.

இன்று இக்கதைகள் ஒலிப்பதிவிலும் கைபேசியிலும் கிடைக்கின்றன. நடக்கவியலாத முதியோர்க்கும் தூரதேசத்தில் வாழ்வோர்க்கும் இது பெரும் உபகாரம், இகழத்தக்கதன்று. நம் முன்னோர் கையாண்ட ஓலைச்சுவடியும் ஒரு கருவியே அன்றோ? ஆயினும் சுவடி தானே பேசாது. சொல்லுவான் ஒருவனை அது வேண்டி நின்றது. கைபேசியோ அவனை வேண்டுவதில்லை. பதிந்த குரல் கேட்போர் முகமறியாது. அவர்தம் கண்ணீர் கண்டு விரித்துரைக்கவும் மாட்டாது. முன்னே அமர்ந்து கேட்பார் இல்லையேல், நாளைக்குச் சொல்லுவாரும் இல்லாது போவர்.

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டபோது பல்லாயிரவர் வீடிழந்து முகாம்களில் தங்கினர். இணையத் தொடர்பும் பல மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்தது. அத்தகைய காலத்தில், இணைய வழி வரும் கதையையே நம்பியிருப்பவனுக்கு வாயில் அடைபடுகிறது. நெஞ்சில் கதையை ஏந்தியவனோ வீடிழந்தாலும் அதனை இழப்பதில்லை. அருகிருப்போர்க்கு அதைச் சொல்லித் தேற்றவும் வல்லனாவான்.

எனவே கருவி வழிக் கேள்வியும் பகவத் விஷயமாதலின் வீண்போகாது. ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. கேட்டதை நெஞ்சில் நிறுத்தி, மற்றொருவர்க்குச் சொல்லும்போதே ச்ரவணம் நிறைவுறுகின்றது. உத்ஸவத்திற்கு எழுந்தருளும் அடியார்கள் உபந்யாஸ மண்டபத்தில் கைபேசியை உயர்த்திப் பதிவதோடு அமையாமல், சிறிது நேரம் அமர்ந்து செவிசாய்ப்பார்களாக. இல்லம் திரும்பியதும் குழந்தைகட்கு ஒரு கதையேனும் தம் வாயால் சொல்வார்களாக. எம்பெருமான் திருவுள்ளம் அதனால் உகக்கும்.

சுபம்.