வாயும் ஓர் உறுப்பே

அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் வெறுங்காலோடு நடப்போரின் பாதங்களைக் கண்டு இரங்குகிறோம், பாதையோரம் கன்னத்தைக் கையில் தாங்கி அமர்ந்திருக்கும் முதியவரிடமோ, "பல்வலிதானே!" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

ஈறு நோய் முற்றினால் நீரிழிவைக் கட்டுப்படுத்துவது கடினம். நீரிழிவு மிகுந்தால் ஈறும் கெடும். மெல்ல இயலாதவர் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். பிறர்முன் சிரிக்கவும் கூசுகிறார். ஓர் உறுப்பு துன்புற்றால் அனைத்தும் துன்புறும் எனப் புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியது திருச்சபைக்கு மட்டுமன்று, உடலுக்கும் பொருந்தும்.

உடலைப் பேணுவது வீண் சுகமா, கடமையா? இறைவன் நம்மிடம் ஒப்படைத்ததைப் பேணுவது கடமையே. இரவில் உறங்குமுன் பல் துலக்குவது அதன் தொடக்கம். அண்டை வீட்டு முதியவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அதன் நிறைவு. இன்றே தொடங்குவோமா?