வாயில்லா ஜீவனின் ஹக்கு

சித்திரை வெயில் தென்காசியைச் சுட்டெரித்துக்கொண்டிருந்த ஒரு நண்பகல். லுஹர் தொழுதுவிட்டு வரும் வழியில் உறவினர் ஒருவர் வீட்டில் நுழைந்தேன். அங்கே பெரிய வாக்குவாதம். மகனின் நண்பன் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும்போது தன் நாய்க்குட்டியை அங்கே ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான். சப்பை முகமும் பிதுங்கிய கண்களும் சுருங்கிய நெற்றியும் கொண்ட 'பக்' இனக் குட்டி. நம் பிள்ளைகள் 'ஹட்ச் நாய்' என்கிறார்களே, அதுதான். வீட்டுக்குள் ஆகாது என்று மொட்டை மாடியில் தகரக் கொட்டகையின் கீழ் கட்டியிருந்தார்கள். நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்க, குறட்டை விடுவதுபோல் அது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"கீழே கொண்டுவந்தால் வீடு நஜீஸாகிவிடுமே, தொழுகிற வீடாயிற்றே!" என்றார் அந்த வீட்டு மூதாட்டி. "செத்துப்போனால் அந்தப் பாவம் யாரைச் சேரும் பாட்டி?" என்றான் பேரன்.

பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று, முதலில் குட்டியைக் கொல்லைப்புற வேப்பமர நிழலுக்கு இறக்கினோம். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறினோம். மூச்சு சற்று நிதானப்பட்டதும் பேரன் அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். குட்டி பிழைத்தது. ஆனால் அந்த இரு கேள்விகளும் அப்படியே நின்றன. இரண்டுமே மார்க்கத்தின் கேள்விகள்தாம்.

மூதாட்டியின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வேட்டைக்கோ கால்நடைக்கோ பயிருக்கோ காவலாக அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் என்றும் கூறியிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், ஈரத்தோடு நாய் பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ். இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் பகுதியில் இவை யாவரும் அறிந்தவையே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை நம் சுத்தத்தைப் பற்றிய சட்டங்கள். நாயைத் தண்டிப்பதற்கான சட்டங்கள் அல்ல. உலர்ந்த உடம்பு உலர்ந்த கையில் பட்டால் கழுவ வேண்டியதுகூட இல்லை.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்ட ஒரு மனிதர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் தண்ணீர் முகந்து, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்து புகட்டினார். அதற்காக அல்லாஹ் அவருடைய பாவங்களை மன்னித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிராணிகளுக்கு உதவுவதிலுமா நற்கூலி என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் உதவுவதில் கூலி உண்டு என்றே அண்ணலார் (ஸல்) விடை பகர்ந்தார்கள். அவர் புகட்டிய பாத்திரம் எது? காலில் அணியும் உறை! அதைப் பிறகு கழுவிக்கொள்ளலாம். போன உயிரைக் கழுவி மீட்க முடியுமா?

ஃபிக்ஹு நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. கையில் உள்ள தண்ணீர் ஒளுவுக்கு மட்டுமே போதும். அருகில் ஒரு ஜீவன் தாகத்தால் தவிக்கிறது. அப்போது தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். வெறிபிடித்துக் கடிக்கும் நாய் இதில் சேராது. தீங்கற்ற நாய் சேரும் என்பது ஷாஃபிஈ அறிஞர்களின் ஏற்கத்தக்க கருத்து. தொழுகைக்கான தண்ணீரையே விட்டுக்கொடுக்கச் சொல்லும் மார்க்கம், நிழலை மறுக்கச் சொல்லுமா? பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற எச்சரிக்கை, கயிற்றைக் கையில் பிடித்திருக்கும் நம் எல்லோருக்கும் உரியது.

இந்தக் குட்டிக்கு வெயில் ஏன் இவ்வளவு பகை? நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் குளிர்கிறது. சப்பை முக நாய்க்கு மூக்குத்துளை ஒடுங்கியது. உள்ளே காற்று போகும் பாதை குறுகியது. அண்ணத்தின் சதை நீண்டு தொண்டையை அடைக்கும். ஆகவே இரைக்க இரைக்கக் குளிர்ச்சிக்குப் பதில் சூடுதான் ஏறும். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதைப் பொறுப்பில் ஏற்றவர்கள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. காற்றோட்டமான நிழலும், எந்நேரமும் தண்ணீர் உள்ள தனி மண்சட்டியும் வேண்டும். வெளியே கூட்டிச்செல்வது பஜ்ருக்குப் பின்னும் மஃரிபுக்குப் பின்னும் மட்டுமே. தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். கழுத்தை இறுக்கும் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய வார் நல்லது. உடம்பு பருக்க விடக்கூடாது. மூச்சுத் திணறினால் உடம்பை நனைத்து, விசிறி, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மயங்கிய வாயில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குற்றாலம் குளுகுளு என்றிருக்குமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். சித்திரையில் அருவிகள் மெலிந்து, சில நாள் பாறைதான் மிஞ்சும்; அந்தப் பாறையும் கொதிக்கும். ஆனி, ஆடிச் சாரலில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், இரைத்துக் குளிரும் வழியே அதற்கு மந்தப்படும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறோம் என்று காரின் கண்ணாடியை ஏற்றி உள்ளே பூட்டிவிட்டுப் போவது பெருங்கொடுமை. வெளியே 30 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40ஐ எட்டிவிடும்.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இக்குட்டியின் மூச்சைக் குறுக்கியது வெயில் மட்டும் அல்ல, மனிதனின் ஆசை. முகம் சப்பையாக இருந்தால் அழகு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தார்கள். 2003இல் ஒரு கைபேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய நாயைக் கண்டு நம் நாடே இதை வாங்கத் துடித்தது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட 11 அந்நிய இனங்களில் பக் இனமும் ஒன்று. வேடிக்கைக்காக நாய் வளர்க்காதே என்ற நபிமொழி நம் நற்கூலியைக் காப்பதற்கு என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம். அது அந்த நாயையும் காக்கிறது என்று இப்போது விளங்குகிறதல்லவா? ஆதலால், பிள்ளை அடம்பிடிக்கிறான் என்று விலை கொடுத்து வாங்காதீர்கள். ஆனால் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டால், அது அமானிதம். வாங்காமல் இருப்பது ஒரு கடமை; வந்ததை வதைக்காமல் இருப்பது மற்றொரு கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக்கழிக்க முடியாது.

குகைவாசிகளின் வரலாற்றைச் சொல்லும் இறைவேதம், அவர்களோடு இருந்த நாயையும் மறக்கவில்லை. அது குகையின் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாகக் குறிப்பிடுகிறது. விரட்டப்படவுமில்லை, நல்லோரின் அண்மையை அது இழக்கவுமில்லை.

அந்த வீட்டிலும் அப்படியே முடிவாயிற்று. தொழும் அறைக்கு அப்பால், பின்கட்டுத் திண்ணையில் குட்டிக்கு இடம். அதற்கென்று தனிச் சட்டி, தனித் துணி. மறுவாரம் சென்றபோது மூதாட்டியே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, எட்ட நின்று சட்டியில் ஊற்றினார். பின்பு ஒளுச் செய்து அஸருக்கு நின்றார்.

வாயில்லா ஜீவன்களின் ஹக்கை உணர்ந்து நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.