சுவரில் தொங்கும் அறம்

காதர்பேட்டைக் கடைகளில் பனியன் வாங்குவோர் அறிவர்: ஏற்றுமதிக்கெனத் தைத்த ஆடையில் ஒரு தையல் பிசகினாலும் அது கப்பலேறாது. கழித்துக் கட்டப்பட்டு, இங்கே மலிவு விலைக்கு வந்து குவியும். துணியின் குறையைக் காண அத்தனை கண்கள்! அதைத் தைத்தவளுக்கு நேரும் கொடுமையைக் காண எத்தனை கண்கள்?

இதைக் கேட்டால் சுவரைக் காட்டுவர். நேர்மை, மதிப்பு, சமத்துவம் என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒளிரும் எங்கள் கொள்கைகளைக் காணீர் என்பர். "நாமெல்லோரும் ஒரே குடும்பம்" என்றும் கூறுவர். நேற்றுத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர் பலர் முதலாளிகளாக உயர்ந்த ஊர் திருப்பூர். உழைத்தவனுக்கு உழைப்பாளியின் துயர் தெரியாதா என்பது அவர்தம் வாதம். அங்ஙனமாயின், 1984-இல் பஞ்சப்படி கேட்டு இவ்வூர்த் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது ஏன்? குடும்பத்தில் பங்கு கேட்க நான்கு திங்கள் போராட வேண்டுமோ?

குடும்பம் என்னும் சொல் இனியது, ஆபத்தும் நிறைந்தது. தந்தையை எதிர்த்துப் பேசும் மகளுக்கு நம் வீடுகளில் என்ன பெயர்? அடங்காப்பிடாரி! ஆலையும் வீடாகிவிட்டால், முறையிடும் பெண் நீதி கேட்டவளாகமாட்டாள், மானத்தைக் கெடுத்தவளாவாள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி ஆடை ஆலை. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் ஏற்றுமதி நிறுவனத்தைச் சேர்ந்தது. அங்கே பணிபுரிந்த, ஒடுக்கப்பட்ட சமுதாயத்து இளம்பெண் ஒருத்தி 2021 சனவரியில் கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய மேற்பார்வையாளர். சட்டம் இல்லாமலா இது நடந்தது? பத்துப் பேர் பணியாற்றும் இடமெங்கும் பெண்களின் புகாரை ஏற்கக் குழு வேண்டுமென 2013-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. ஆடை வாங்கும் அயல்நாட்டு நிறுவனங்களுக்கும் நன்னடத்தை விதிகள் இருந்தன. எழுத்துக்குப் பஞ்சமில்லை, அஞ்சாமல் வாய் திறக்கத்தான் வழியில்லை.

அந்த வழியை ஒரு தொழிற்சங்கம் வெட்டியது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு துணி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துடன் ஈஸ்ட்மேன் நிறுவனம் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்தது. சுவீடனின் எச் அண்ட் எம் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் என, தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை. பெண் என்றோ சாதி சொல்லியோ இழிவு செய்யத் தடை. சுவரில் தொங்கிய சொற்கள் தொழிலாளியின் கைக்கு வந்தன!

நல்லுள்ளம் படைத்த முதலாளிகள் இல்லையா என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அருள் வேறு, உரிமை வேறு. கொடுப்பவன் மனம் மாறினால் அருள் மறையும். அவன் மனம் மாறினாலும் நிலைத்து நிற்பதே உரிமை. தொழிலாளி கேட்டுப் பெற முடியாத கொள்கை, எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும், அலங்காரமே!

தோழர்களே, நம் வகுப்பறைகளை விட்டு ஆண்டுதோறும் எத்தனையோ பெண்கள் ஆலை வாயில்களுக்குச் செல்கின்றனர். அவர்கள் சேரும் நிறுவனத்தின் அறத்தை அளக்க ஓர் அளவுகோல் போதும். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவள், "இது தகாது" என்று மேற்பார்வையாளன் முகத்துக்கு நேரே கூறிவிட்டு, மறுநாளும் அச்சமின்றி அதே இருக்கையில் அமர முடிகிறதா? முடியுமானால் அங்கே அறம் உண்டு. முடியாதென்றால், முடியும் வரை அவளோடு நிற்பது நம் கடன்!