“இல்லை” என்றது யார்?

கடைக்காரன் வாயிலிருந்து வரும் சொற்களில் மிகவும் கனமானது எது என்று கேட்டால், “இல்லை” என்ற சொல்தான் என்பேன். விலையைக் கூட்டிச் சொன்னால் வாங்குகிறவர் பேரம் பேசுவார். “இல்லை” என்று சொல்லிவிட்டாலோ மறுபேச்சின்றித் திரும்பிப் போய்விடுவார். ஆதலால் கிட்டங்கிக்குள் போய்ப் பாராமல் அந்தச் சொல்லைச் சொல்லலாகாது என்று எங்கள் அத்தா கண்டித்துச் சொல்லுவார்கள். சோம்பலால் சொன்ன “இல்லை”யும் பொய்தான் என்பது அவர்கள் கணக்கு.

சகோதரர்களே! அந்தக் கணக்கை எனக்கு மறுபடியும் நினைவூட்டிய விஷயம் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்தது. பினாங்கில் நாங்கள் நடத்தும் மளிகைக் கடைக்கு இணையத்திலும் ஒரு வாசல் உண்டு. வாடிக்கைக்காரர்கள் சரக்கின் பெயரை எழுதித் தேடி, வேண்டியதைக் குறித்துவிட்டால், நாங்கள் கட்டி அனுப்புவோம். அதைக் கவனித்துக் கொள்பவன் என் தங்கை மகன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, “மாமா, தேடுகிற மென்பொருளில் சின்ன மாற்றம். 7.1 இருந்தது 7.2 ஆகிறது, அவ்வளவுதான்” என்றான். “சரி, செய்” என்றேன்.

சனிக்கிழமை ஆர்டர் ஒன்றும் வரவில்லை. ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை காலை எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆர்டர்களைப் பார்த்துக் கட்டுகிறவர் எங்கள் அத்தா காலத்து மனிதர், என்னைவிட மூத்தவர். பையன்கள் எதிரிலேயே, “நானா, வந்ததைக் கவனியாமல் விட்டுவிட்டீர்களா?” என்று கேட்டுவிட்டேன். “இல்லை தம்பி, ஒன்றும் வரவில்லை” என்றார். நான் நம்பவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

அன்று மாலை பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். “பாய், கடையை மூடப் போகிறீர்களா? சீரகம் கேட்டாலும் இல்லை, மல்லி கேட்டாலும் இல்லை என்றே வருகிறதே!” அப்போது நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தது சீரக மூட்டையின் மேல்.

நடந்தது என்னவென்று மருமகன் இரவெல்லாம் பார்த்துச் சொன்னான். எனக்கு விளங்கிய வரையில் எழுதுகிறேன். எங்கள் தேடல் நடப்பது சோலர் என்னும் மென்பொருளால். 2004-இல் அமெரிக்காவில் யோனிக் சீலி என்பவர் தாம் வேலை பார்த்த நிறுவனத்துக்காகச் செய்தது அது. 2006-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்து, எவரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம் என்றாயிற்று. அதன் உள்ளே ஓடுவது லூசீன் என்பது. அதை எழுதிய டக் கட்டிங் தம் மனைவியின் நடுப்பெயரை அதற்கு வைத்தாராம். கடைக்குப் பெண்டு பிள்ளைகள் பெயரை வைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

இந்தச் சோலரில், கேட்கும் கேள்வியின் தலைப்பில் வளைவான அடைப்புக்குள் ஓர் ஆச்சரியக்குறி இட்டு, “இப்படித் தேடு” என்று தனிக் கட்டளை எழுதும் வழி இருந்தது. எங்கள் தளத்தை முதலில் கட்டியவர், அதிகம் விற்கும் சரக்கு முன்னால் தெரியட்டும் என்று, வாடிக்கைக்காரர் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அந்தக் கட்டளை மறைவாகச் சேரும்படி செய்திருந்தார். 7.2 பதிப்பில் அந்த வழியைக் குறுக்கிவிட்டார்கள். எங்களைப் போல வேறு முறையில் கேள்வியைப் படிக்கும்படி அமைத்தவர்களுக்குக் கட்டளை இனிக் கட்டளையாக எடுபடாது. வெறும் சொற்களாகவே எடுபடும். எழுதிய சொற்கள் யாவும் இருந்தாலன்றி எதையும் காட்டாதே என்ற நிபந்தனையோ நாங்களே வைத்தது. சீரகப் பொட்டலத்தின் மேல் கட்டளைச் சொற்கள் எங்கே எழுதியிருக்கும்? ஆகவே “ஒன்றும் இல்லை” என்றது. கோளாறு என்று அது கூச்சலிட்டிருந்தால் அரை மணியில் பிடித்திருப்போம். அமைதியாகப் பதில் சொன்னதுதான் வினையாயிற்று.

செய்தவர்களைக் குறை சொல்லலாமா? வழியைக் குறுக்கியதற்குக் காரணம் இருந்தது. 2017 அக்டோபரில், கேள்வியின் தலைப்பில் இத்தகைய கட்டளையை வைத்தே சோலரை ஏமாற்றலாம், அது தொடக் கூடாத கோப்புகளைத் தொடச் செய்யலாம் என்பது வெளியாயிற்று. அந்த ஓட்டையை 7.1-இல் அடைத்தார்கள். டிசம்பரில் வந்த 7.2-இல், இவ்வழி அமைப்பாளர்களுக்கு உரியதேயன்றித் தேட வருகிற பொதுமக்களுக்கு உரியதன்று என்று காரணம் சொல்லி, வழியையே குறுக்கினார்கள். திருடன் வந்த சந்துக்குக் கதவு போடுவது நியாயம்தானே? மாற்றத்தை அறிவிப்பிலும் எழுதினார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் பழைய எண்ணை வைத்திருந்தால் பழையபடியே நடக்கும் என்ற சலுகையும் விட்டிருந்தார்கள். மருமகன் அறிவிப்பைப் படிக்கவில்லை. அந்த வரியை வெறும் அடையாளச் சீட்டு என்று எண்ணி அதிலும் 7.2 என்று திருத்திவிட்டான்.

ஆயினும் ஒரு சந்தேகம் எனக்குத் தீரவில்லை. “சின்ன மாற்றம்” என்பதை யார் அளப்பது? டாம் பிரெஸ்டன்-வெர்னர் என்பவர் எழுதி வைத்த முறை ஒன்று உண்டு. முதல் எண் மாறினால் பழையது ஒத்து வராமற் போகலாம். நடு எண் மாறினால் புதியது சேரும், பழையது கெடாது. எல்லாரையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று அது. எனினும் நடு எண்ணைப் பார்க்கிறவர் மனம் அப்படித்தான் நம்பி இளகுகிறது. கடை வரிசையில் ஒருவர் தம் அஞ்சடியில் ஒரு படி கூட்டிக் கட்டுகிறார் என்று வையுங்கள். அவருக்கு அது நான்கு செங்கல் வேலை. நாள்தோறும் அவ்வழியே தடவி நடக்கும் கண் தெரியாதவருக்கு அது கீழே விழும் இடம். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே என்று சொன்னால் அவரிடம் அது எடுபடுமா? செய்கிறவன் தன் உழைப்பைக் கொண்டு அளக்கிறான். மாற்றத்தின் அளவோ அதில் கால் வைக்கிறவனிடம் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகும் அவர்கள் மேல் பழியை இறக்கிவைக்க என் மனம் ஒப்பவில்லை. அவர்கள் இலவசமாகத் தந்தார்கள். உள்ளது உள்ளபடி, எந்தப் பொறுப்புறுதியும் இல்லை என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதித் தந்தார்கள். நான் அதை என் கடை வாசலில் நிறுத்தி, என் பெயரால் பேசவிட்டேன். வாடிக்கைக்காரர் கேட்டது சோலரிடமல்ல, என்னிடம். மருமகன் மேல் போடலாமென்றால், அவன் என்னிடம் சொல்லிவிட்டே செய்தான். செய்தபின் “சீரகம்” என்று ஒரு சொல் எழுதிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிராது. பாராமல் “இல்லை” சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவன், பாராமலே மூன்று நாள் சொல்லிக் கொண்டிருந்தேன்.

அதிலும் ஒன்று உறுத்துகிறது. இயந்திரம் சொன்ன “இல்லை” பொய். அதை ஊரெல்லாம் நம்பிற்று. பெரியவர் சொன்ன “இல்லை” மெய். அதை நான் நம்பவில்லை.

அந்த மூன்று நாளும் யார் யார் என்னென்ன தேடினார்கள் என்ற பதிவை மருமகன் எடுத்துக் காட்டினான். பெயர்கள் இல்லை, சொற்கள் மட்டும். யாரோ ஒருவர் “சீரகம்” என்று கேட்டு, பிறகு “ஜிந்தான் பூத்தே” என்று மலாயில் கேட்டு, மறுபடியும் “சீரகம்” என்று கேட்டிருக்கிறார். இருக்கும் சரக்கை இல்லையென்று மூன்று முறை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரிடம் பொறுத்துக் கொள்ளச் சொல்லலாமென்றால் அவர் யாரென்று தெரியாது. பட்டர்வொர்த் அம்மாவுக்கு மட்டும் கேட்ட சரக்கை அனுப்பினேன். வேறு கடையில் கூடுதலாகக் கொடுத்த பணத்தை நான் தருகிறேன் என்றதற்கு, அவர் சிரித்து மறுத்துவிட்டார்.

இப்போது எங்கள் பக்கத்தில் சரக்கு அகப்படாத போது “இல்லை” என்று வருவதில்லை. “தேடலில் அகப்படவில்லை, கடையில் கேளுங்கள்” என்று எழுதி, தொலைபேசி எண்ணைப் போட்டிருக்கிறோம். சின்ன மாற்றமோ பெரிய மாற்றமோ, மருமகன் எதைச் செய்தாலும், நான் பத்துச் சரக்கின் பெயரை எழுதிப் பார்த்த பின்புதான் அவன் வீட்டுக்குப் போகலாம். அவனுக்கு இது சற்றுச் சலிப்புத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, முன்னாள் அங்கே இருந்த பையன்கள் எல்லாரையும் வைத்துக் கொண்டே, “நானா, தவறு என்னுடையது, பொறுத்துக் கொள்ளுங்கள்” என்றேன். அவர் சணல் கயிற்றை அறுத்துக் கொண்டிருந்தார். தலை நிமிராமலே, “அதிருக்கட்டும் தம்பி, மல்லி லாரி வந்து நிற்கிறது, இறக்க ஆளை அனுப்புங்கள்” என்றார்.