சீக்கு விடுமுறையும் வைத்தியர் கடமையும்

சீக்கென்று சொல்லி வேலைக்கு வராதோர் தொகை பெருகுமாயின், முதலாளிமார் முதலிற் கேட்கும் கேள்வி, "இவர்களுள் பொய் சொல்வோர் யார்?" என்பதே. இத்தனை பேருக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் சிலரே. இவ்விரண்டில் எக்கேள்வி நியாயமானது, எதனால் வேலையும் ஒழுங்காக நடக்கும் என்பதை நாம் சற்றே ஆராய்வோம்.

பொய்ச் சீக்குக்காரர் இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. எங்கும் இருக்கிறார்கள், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போரிலும் இருக்கிறார்கள். ஆயினும் அவர்களைப் பிடிப்பதற்கென்றே ஒரு வைத்தியரை அமர்த்துவது, மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும்.

கிள்ளானில் நடந்ததைப் பாருங்கள். 1901இல் அப்பட்டினமும், அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) மலேரியாவால் தத்தளித்தன. அங்கிருந்த அரசாங்க ஊழியர்க்கு அவ்வாண்டில் அக்காய்ச்சலுக்காக வழங்கிய சீக்குச் சான்றிதழ்கள் 236. விடுமுறை நாட்கள் 1,026. ஜில்லா வைத்தியராயிருந்த மால்கம் வாட்சன் சான்றிதழ் தருவதை நிறுத்தச் சொன்னாரா? இல்லை. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டவும், சுற்றியிருந்த காட்டைத் திருத்தவும் முயன்று செய்வித்தார். 1905இல் சான்றிதழ்கள் 4. விடுமுறை நாட்கள் 30. நான்கே ஆண்டில் ஊழியர் அனைவரும் அரிச்சந்திரர் ஆகிவிடவில்லை. கொசு பிறக்கும் இடம் அழிந்தது, அவ்வளவே.

பின்னாளில் மலைப்பாங்கான தோட்டங்களில் அதே முறை பலிக்கவில்லை. காட்டை அழித்ததும் வெயில்பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகிற்று. ஆங்கே நிலத்தடியில் குழாய் பதித்து நீரை வடியச் செய்ய நேர்ந்தது. ஆஸ்பத்திரியில் அமர்ந்து கொய்னா கொடுத்துக்கொண்டிருந்தால் இது விளங்கியிராது.

இன்று செம்பனைத் தோட்டத்தில் நீண்ட கழியில் அரிவாள் பூட்டிக் குலை அறுப்பவனுக்குக் கழுத்தும் தோளும் நோகின்றன. குலை தூக்குபவனுக்கு இடுப்பு நோகின்றது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சேவைக் காலத்தை ஒட்டி ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சீக்கு விடுமுறை அளிக்கின்றது. அந்நாட்களில் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டுத் திரும்பினால், அதே குலை, அதே இடுப்பு! தொழிலறிந்த வைத்தியர் குலையின் பாரத்தையும் தூக்கும் விதத்தையும் பார்ப்பார்; தள்ளுவண்டி வேண்டும் என்பார்; தேறி வருபவனுக்குச் சில வாரம் இலேசான வேலை கொடுக்கச் சொல்வார்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. வைத்தியருக்குச் சம்பளம் தருபவர் முதலாளி. காலையிற் சொன்ன நோய் மாலைக்குள் கிராணியின் காதில் விழுமாயின், எந்தத் தொழிலாளி வாய் திறப்பான்? மறைப்பான், நோய் முற்றும், மூன்று நாளில் தீர வேண்டியது மூன்று மாதம் பிடிக்கும். ஆதலின், இவன் எவ்வேலை செய்யலாம், எது செய்யலாகாது என்பதை மட்டுமே வைத்தியர் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். நோயின் பெயர் நோயாளிக்கே உரியது. இதில் விட்டுக்கொடுக்க நாம் ஒருப்படோம்.

விடுமுறையே எடாதவர்க்கு மாதந்தோறும் ஊக்கப்படி தரும் தொழிற்சாலைகளும் உள. அப்படியை இழக்க மனமின்றி ஒரு பெண் காய்ச்சலோடு வந்து, தோழியர் நடுவே நின்று வேலை செய்கிறாள். பதிவேட்டில் அன்று விடுமுறை எவருக்கும் இல்லை. அதைக் கண்டு மகிழ்ந்த மானேஜர், அடுத்த வாரம் அவ்வரிசையில் நால்வர் ஏன் வரவில்லையென்று வியக்கிறார்.