நீரில் இல்லாத நிலவு

சென்ற ஆண்டு நகர மண்டபமொன்றில் நடைபெற்ற புகைப்படக் கண்காட்சிக்கு எமது வகுப்பு மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தோம். பரிசு பெற்ற படங்களுள் ஒன்று கடனீரேரியின் நிலாக் காட்சி. கண்டல் மரங்களின் வேர்கள் நீருக்கு மேல் வளைந்து நிற்கின்றன. அப்பால் அசைவற்ற நீர்ப்பரப்பு. வானத்தில் முழு நிலவு. பார்த்தோர் பலரும் சற்று நேரம் பேசாது நின்றனர். ஒரு மாணவன் மட்டும் எமது கையைத் தொட்டு, "சேர், மேல நிலவு நிக்குது. தண்ணிக்குள்ள ஏன் அதைக் காணேல்லை?" என்று கேட்டான்.

அப்படத்தை எடுத்தவர் எமது நண்பர். அது எடுக்கப்பட்ட இரவில் நாமும் அவரருகே நின்றோம். ஆதலின் விடை எமக்குத் தெரியும். அந்த நிலவு அந்நீரின் மேல் அவ்விடத்தில் இருக்கவேயில்லை. அது பின்னர் வைக்கப்பட்டது. இதனைக் கூறியதும், "அப்ப பொய்தானே, சேர்?" என்றான் மாணவன். பதினைந்து வயதினர் இவ்வாறுதான் கேட்பர். வளர்ந்தவர்களாகிய நாம் 'உத்தி' என்றும் 'கலைஞனின் சுதந்திரம்' என்றும் சொல்லித் தப்பிவிடப் பழகியிருக்கிறோம். அன்றும் அவ்வாறே தப்பினோம். அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் அவ்வேலை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைப் பார்ப்போம். கைத்தொலைபேசியால் நொடிக்கொரு படம் எடுக்கும் இக்காலத்திலும் எமது நண்பர் பிலிம் கமராவையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். நிலா இரவு பிலிமுக்குப் பெரும் சோதனையாகும். நிலவு என்பது சூரிய ஒளி நேரே படும் ஒரு பாறை. அதன் முகத்தைப் பதிய வேண்டுமாயின் பகற்காட்சிக்கு வேண்டிய அளவு ஒளியே போதும்: 100 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு எஃப் 11 துவாரத்தில் செக்கனில் 125இல் ஒரு பங்கு. ஆனால் அதே நிலவின் ஒளியில் கிடக்கும் நிலமோ, வெயிலில் கிடக்கும் நிலத்திலும் ஏறத்தாழ நான்கு இலட்சம் மடங்கு மங்கியது. அதனைப் பதியத் துவாரத்தை எஃப் 4க்குத் திறந்து வைத்தாலும் கணக்குப்படி நான்கு நிமிடங்கள் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மங்கிய ஒளியை நீண்ட நேரம் ஏற்கும் பிலிம், மனிதரைப் போலவே சோர்ந்து போகிறது. அதன் உணர்திறன் குறைகிறது. கார்ல் சுவார்ட்சைல்ட் என்னும் ஜெர்மானிய வானியலாளர் 1900ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து கூறிய உண்மை இது. எனவே நண்பர் நான்கு நிமிடத்தை எட்டாக்கினார்.

எட்டு நிமிடம் நிலவு காத்திருக்குமா? தன் விட்டமளவு தூரத்தை அது வானில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. நிலத்தையும் நிலவையும் ஒருங்கே பதிய முயன்றால் வட்ட நிலவு வெள்ளரிக்காயாக நீண்டுவிடும். இதற்குக் கண்ட வழிதான் இரட்டைப் பதிவு. நிலவைத் தமக்குப் பின்னே வைத்துக்கொண்டு முதலில் நிலத்தை எட்டு நிமிடம் பதிந்தார். பின்னர் பிலிமை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் மீண்டும் முடுக்கி, நீண்ட குவியத்தூர வில்லையொன்றை மாட்டி, கமராவைத் திருப்பி, முதற்பதிவில் இருண்டு கிடந்த வான்பகுதியில் நிலவு விழுமாறு ஒரு கணம் பதிந்தார். 50 மில்லிமீற்றர் வில்லையில் நிலவு பிலிமின்மீது அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த புள்ளி. 200 மில்லிமீற்றர் வில்லையில் அது நான்கு மடங்கு பெரிது. பார்வையாளர் வாயடைத்து நின்றது இந்த நான்கு மடங்கு நிலவின் முன்னேதான். மரங்களின் முகத்தில் முன்னிருந்து ஒளி விழ, நிலவோ அவற்றின் பின்னே நிற்கிறது என்பதை அவர்களில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நீரோ தான் கண்டதையே காட்டியது. மாணவன் பிடித்துக்கொண்டதும் அதனைத்தான்.

எனினும், இருமுறை பதிந்தமையால் மட்டும் இது பொய்யாகிவிடுமா? அவ்வாறு சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நிலா இரவில் நாம் ஏரிக்கரையில் நிற்கும்போது எமது கண்ணும் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதில்லை. நிலவை நோக்குகிறோம், பின்னர் இருளை நோக்குகிறோம், கண் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, இரண்டையும் மனமே ஒன்றாக்குகிறது. மனம் செய்யும் வேலையைப் பிலிம் தானாகச் செய்யாது. ஆகவே மனிதன் அதனைச் செய்விக்கிறான். உள்ளதை உள்ளபடி பிரதி செய்வதே உண்மை என்றால் அது இயற்பண்புவாதம். யதார்த்தவாதம் அதனினும் அகன்றது என்பதை எமது இலக்கிய விவாதங்களிலேயே பலமுறை கேட்டிருக்கிறோம்.

புகைப்படத் துறையிலும் இவ்விவாதம் பழையது. 1850களிலேயே குஸ்தாவ் லு கிறே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களைச் சேர்த்துக் கடற்காட்சிகளை ஆக்கினார். 1858இல் ஹென்றி பீச் றொபின்சன், இறந்துகொண்டிருக்கும் இளம்பெண் ஒருத்தியின் படத்தை ஐந்து நெகட்டிவ்களால் அமைத்தார். இத்தகைய ஒட்டுவேலையைக் கடுமையாகச் சாடியவர் பீற்றர் ஹென்றி எமர்சன். மருத்துவம் பயின்ற இவர், கிழக்கு இங்கிலாந்தின் நோர்போக் புறோட்ஸ் எனும் சதுப்பு ஏரிகளுக்குச் சென்று, குடால் என்ற ஓவியருடன் சேர்ந்து 40 படங்கள் கொண்ட தொகுப்பொன்றை 1886இல் வெளியிட்டார். இயற்கைக்கு உண்மையாயிருத்தல் என்பதே அவர் கோட்பாடு. அக்கோட்பாட்டை 1890இல் அவரே கைவிட்டார் என்பது வேறு கதை. எம்மைக் கவர்வது அவர் கோட்பாடன்று. அவர் படங்களில் காணப்படும் மனிதர். நாணல் அறுப்போர், சதுப்புப் புல்லைப் படகில் ஏற்றிக் கழியூன்றிச் செல்வோர், மீன்பிடிப்போர். அவர்களை அவர் நிறுத்திவைத்து எடுத்ததும் உண்டு. எனினும் அந்நீர்நிலை அவர்களுடைய வேலைத்தலம் என்பதை அவர் மறைக்கவில்லை.

வேலைத்தலம் மாத்திரமன்று. புறோட்ஸ் ஏரிகளை இயற்கையே தோண்டியது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1950களில் ஜோய்ஸ் லம்பேட் என்ற தாவரவியலாளர் மண்ணைத் துளையிட்டுப் பார்த்தபோது ஏரிகளின் கரைகள் அடியில் சுவர்போலச் செங்குத்தாக நிற்பதைக் கண்டார். நீர் அரித்த பள்ளம் அவ்வாறு இராது. மத்திய காலத்து மக்கள் அடுப்புக்காக 'பீற்' எனும் எரிமண்ணை வெட்டி வெட்டி எடுத்த குழிகளே, பின்னர் நீர்மட்டம் உயர, ஏரிகளாயின. உல்லாசப் பயணிகள் இயற்கையின் மோனம் என்று மயங்கும் அந்நிலம் எத்தனையோ தலைமுறைகளின் மண்வெட்டி வேலை. எமது வன்னிக் குளங்களின் அணைக்கட்டில் நின்று நிலவைப் பார்ப்போரும் இதனைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது எமது நண்பரின் படத்துக்கு மீள்வோம். அதில் மனிதர் இல்லை. அந்த இரவிலும் அங்கே மனிதர் இல்லையா?

இருந்தனர். அன்று பூரணை, விடுமுறை நாள். 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினமே எமது நாட்டில் வாராந்த விடுமுறையாக இருந்தது. இப்போது மாதத்தில் ஒரு நாளேனும் நிலவு ஆசிரியருக்கு ஓய்வு தருகிறது. அன்று தூரத்தில் இருவர் முழங்காலளவு நீரில் வலையிழுத்துக்கொண்டு நடந்தனர். அவர்களைப் பற்றி நண்பர் கவலைப்படவில்லை. எட்டு நிமிடத்தில், அசைவோர் எவரும் பிலிமில் தங்குவதில்லை. 1838இல் தாகேர் பாரிஸ் நகரத்து வீதியொன்றைப் பதிந்தபோது அங்கு சென்ற வண்டிகளும் மாந்தரும் மறைந்து, வீதியே வெறிச்சோடிக் காட்சியளித்தது. நின்ற இடத்தில் நின்று சப்பாத்துக்கு மினுக்குப் போடுவித்த ஒருவரே தெளிவாக எஞ்சினார். மினுக்கியவர் வெறும் கலங்கலாகத் தெரிகிறார். ஓடியாடி வேலை செய்வோரை அழித்து, அசையாது நிற்க வசதியுடையோரைக் காப்பது நீண்ட பதிவின் இயல்பு போலும்.

ஆனால் மூன்றாமவர் ஒருவர் வந்தார். முதியவர். தோளில் வீச்சுவலை, நெற்றியில் கட்டிய டோர்ச். அந்த வெளிச்சம் படத்துக்குள் நுழைந்தால் பிலிமில் வெள்ளைக் கோடு விழும். நண்பர் எம்மைப் பார்த்தார். நாமே போய்ச் சொன்னோம்: "ஐயா, ஒரு எட்டு நிமிசம் லைற்றை நூத்துப்போட்டு இதிலை நிக்க ஏலுமே? படம் எடுக்கிறம்."

அவர் மறுப்புச் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, படத்தின் எல்லைக்கு வெளியே, நீரிலேயே நின்றார். சற்று நேரத்தின் பின் கேட்டார்: "நான் நிண்டா உங்கட படம் பழுதாப் போயிடுமே, தம்பி?" எமக்கு விடை வரவில்லை. பேச்சை மாற்ற விரும்பி, நல்ல நிலவு என்றோம். "உங்களுக்கு நல்லம். பறுவத்துக்கு வெளிச்சத்துக்கு மீன் வராது. அதுக்காக வீட்டில கிடந்தா உலை வைக்க ஏலுமே?" என்றார். பின்னர், நீரைப் பார்த்தபடியே, "கிளாலியால சனம் போன காலத்தில நிலவெண்டாலே பயம்" என்று மட்டும் சொன்னார்.

அவர் குறிப்பிட்டது 1992, 1993ஆம் ஆண்டுகள். தரைப்பாதைகள் அடைபட்டிருந்தபோது குடாநாட்டு மக்கள் இரவோடிரவாகப் படகேறிக் கிளாலிக் கடனீரேரியைக் கடந்தனர். அப்படகுகள் தாக்கப்பட்டுப் பலர் நீரிலேயே மாண்டனர். நிலவு அவர்களுக்கு அழகாயிருந்திருக்க முடியாது. அது அவர்களைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம். ஒரே நிலவு. புகைப்படக்காரனுக்கு அறுவடை, மீனவனுக்குப் பஞ்சம், அன்று படகில் குந்தியிருந்த தாய்க்கு மரண பயம். நிலவின் பொருள் நிலவில் இல்லை. அதன் கீழ் நிற்பவரின் நிலையில் இருக்கிறது.

தமிழ் படித்த நாம் இதனை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஆனால் அதனோடு நிறுத்தவில்லை. கருப்பொருள்களை எண்ணும்போது மரத்தோடும் புள்ளோடும் மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். அதற்கும் மேலாக உரிப்பொருள் என்று மனித உறவையே வைத்தார். சங்கச் செய்யுளும் வாழ்வை அழகுபடுத்தியே காட்டியது, அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் மனிதர் வெளியேற்றப்பட்ட நெய்தல் ஒன்றை அது கற்பனை செய்யவில்லை. எமது நண்பரின் படத்தில் முதல் உண்டு. கருவிலும் மரம் உண்டு. எஞ்சியதை நாம் கரையில் நிறுத்திவைத்தோம்.

ஆகவே மாணவனுக்கு நாம் கூறவேண்டிய விடை இதுவே: அப்படத்தில் வைக்கப்பட்ட நிலவு பெரிய பொய்யன்று. அதனை நீர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கூர்ந்து பார்ப்பவன் கண்டுபிடிக்கலாம். வெளியே நிறுத்தப்பட்ட மனிதனையோ எந்த நீரும் காட்டாது. முதற்பதிவின் எட்டு நிமிட மௌனமே பொய். அது படத்தோடு முடிந்துவிடும் பொய்யுமன்று. ஆளில்லாததாகப் பார்க்கப் பழகிய நிலத்தை உரிமையாளர் இல்லாத நிலமாக எண்ணுவது எளிது. புத்தளம் மாவட்டத்தில் 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகள் அழிக்கப்பட்டன. பின்னர் நோய் பரவ, பண்ணைகள் பல கைவிடப்பட்டன. அக்காட்டையும் களப்பையும் நம்பி வாழ்ந்தோர் அதற்கு முன்னரும் அங்கேதான் இருந்தனர். 'பாழ்நிலம்' என்று எழுதியவர்களின் கண்ணுக்கு அவர்கள் படவில்லை. நண்பர் பண்ணை முதலாளி அல்லர். அவர் ஒரு தபாற்கந்தோர் ஊழியர். ஆயினும் கண்ணைப் பழக்குவதில் அவருடைய படத்துக்கும் ஒரு பங்குண்டு, எமக்கும் ஒரு பங்குண்டு.

அழகை வெறுக்கச் சொல்கிறோமா என்று நண்பர் கோபித்துக்கொண்டார். இல்லை. அந்த இரவின் அழகில் நாமும் மயங்கினோம். உழைப்பாளிக்கு நிலவை ரசிக்க உரிமையில்லை என்று நினைப்பது இன்னொரு வகை அகந்தை. அந்த முதியவரும் இடையில் ஒருமுறை தலையை உயர்த்தி நிலவைப் பார்த்தார். அப்போது அவர் என்ன நினைத்தார் என்பதை எழுத எமக்கு உரிமையில்லை.

அன்றிரவு இரண்டாவது படமொன்றும் எடுக்கப்பட்டது. ஐந்தாம் நிமிடத்தில், "தம்பியவை, எனக்கு நேரம் போகுது" என்று சொல்லி முதியவர் விளக்கை ஏற்றிக்கொண்டு குறுக்கே நடந்துவிட்டார். நீரின்மேல் இடமிருந்து வலமாக, சற்றே நடுங்கிய ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே, நீரிலும், அதே கோடு. நண்பர் அந்த நெகட்டிவைப் பழுது என்று ஒதுக்கினார். அதில் நிலவை வைக்கவுமில்லை. நாம் அதற்கொரு பிரதி கேட்டு வாங்கினோம். அது இப்போது எமது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.

அதனைப் பார்த்த அதே மாணவன், நிலவில்லாத இரவில்தானே அவர்கள் கூடுதலாகத் தொழில் செய்வார்கள், அப்போது ஏன் போய் எடுக்கக் கூடாது என்று கேட்டான். நண்பரிடம் சொன்னோம். இருட்டில் மரமும் தெரியாது, கரையும் தெரியாது, விளக்குகளின் கோடுகள் மட்டுமே விழும் என்று முணுமுணுத்தார். அதற்கு எத்தனை நிமிடம் திறந்து வைக்க வேண்டும் என்று இப்போது கொப்பியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.